பெரியவர் நகரவில்லை

நோன்புப் பெருநாளுக்கு இன்னும் இரண்டே நாள். மலேசியாவின் மூவாரில் நான் புதிதாக வாங்கிய வீட்டின் கூடத்துக்குப் பச்சை அடிக்கச் சொல்லி, பெயிண்டர் ஜுஃப்ரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மாலையில் வந்து பார்த்தால், சன்னலோரச் சுவரின் அடியில் ஓரிடம் மட்டும் பழைய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. தலை, தோள், மடக்கிய முழங்கால்.

"என்ன ஜுஃப்ரி, கண்ண மூடிக்கிட்டா அடிச்சீங்க?"

"பெரியவர் எந்திரிக்கலையே டீச்சர். சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. வயசானவரப் போயி நகருங்கன்னு எப்படிச் சொல்றது? அவரச் சுத்தித்தான் அடிச்சேன்."

"இந்த வீட்ல நானும் பூனையும்தான் இருக்கோம். சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு!"

ஜுஃப்ரி பெயிண்ட் உருளையைக் கழுவி வைத்தார். போகும்போது, மூத்தவர் முன்னால் நடப்பவர்போல வலக்கையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, அந்தச் சன்னலைக் கடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உருளையை எடுத்து நானே அந்த இடத்தை அடித்து மறைத்தேன். மறுநாளே காய்ந்துவிட்டது. ஆனாலும் போகும்போதும் வரும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருநாள் காலையில் தங்கை சூரியானி முதல்முறையாக இந்த வீட்டுக்கு வந்தாள். மூத்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி என் புறங்கையில் மூக்கு படக் குனிந்து சலாம் சொன்னாள். ரெண்டாங் கறி எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். திரும்பியபோது அவள் சன்னலோரத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"இந்தப் பெரியவர் யாருக்கா?" என்று எழுந்து வந்து காதோரம் கேட்டாள். "அவரு கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு."

அவள் மூக்கு நுனியில் பச்சை ஈரமாக இருந்தது.