இல்லன்னா இல்லதான்

போனில் வந்தவன் பெயரைச் சொன்னான். இனிஷியலையும் சேர்த்துச் சொன்னான். ஹெட்போனைக் காதில் நன்றாக அழுத்திக்கொண்டேன்.

பிறந்த தேதி கேட்டேன். அவன் மாதத்துக்கு வருமுன்பே என் விரல்கள் வருஷத்தை அடித்து முடித்திருந்தன. பன்னிரண்டு வருஷமாகக் கீபோர்டோடு குடும்பம் நடத்துகிறவள் நான். கை அப்படித்தான் ஓடும்.

அவன் கல்லூரி முடித்து இரண்டே மாதம். பஸ் எட்டிப்பார்க்காத இடத்தில் ஒரு தொழிற்சாலை, திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அப்பாவின் பழைய காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாகிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாமல் அதை வெளியே எடுக்க முடியாது. நான்கு கம்பெனிகளைக் கேட்டுவிட்டானாம், நாங்கள் ஐந்தாவது.

தொகையைச் சொன்னேன். எதை எடுத்தால் குறையும் என்றான்.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவன் கார் சாவியை எடுத்தாலே கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கான விலையை அவன் தலையிலேயே கட்டிவிடுவோம்.

ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். கண்ணாடி உடைந்தால் என்றேன், வேண்டாம் என்றான். நடுவழியில் நின்றால் இழுத்துப்போக ஆள் வரும் என்றேன், அதுவும் வேண்டாம், தள்ளிக்கொள்வேன் என்றான். நீங்கள் தள்ளினால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். அதையும் நானேதான் மேடம் என்றான்.

“எதிர் வண்டிக்கு மட்டும் போடுறது கம்மியாமே, அதையே போட்டுருங்க. எனக்கு ஏதாச்சும் ஆனா பரவால்ல.”

பரவாயில்லையாம்.

அடிபட்டால் அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட ஒன்றும் வராது என்று விளக்கினேன். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரலில்தான் விளக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையனை சார் என்றுதான் அழைக்க வேண்டும். பேசுவதெல்லாம் பதிவாகிறது. பின்னால் எங்கள் சூப்பர்வைசர் நடந்துகொண்டிருந்தார். ஆறு நிமிஷம் தாண்டினால் மேஜையைத் தட்டுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அலாரம்.

விலையைக் குறைக்க ஒரு வழி இருந்தது. வீட்டில் அனுபவமுள்ள ஒருவரை இரண்டாவது டிரைவராகச் சேர்த்தால் போதும். அப்பாவைச் சேர்க்கலாமா என்றேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை என்றான். கண்ணுக்கு என்ன என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அம்மா ஓட்டுவாங்களா என்றேன்.

“அம்மா இல்ல மேடம்.”

இந்த ‘இல்ல’ எங்கள் வேலையில் பெரிய தலைவலி. வீட்டுக்காரர் இல்ல என்பார்கள், மனுஷன் கடைக்குப் போயிருப்பார். அப்பா இல்ல என்பார்கள், போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். ஒருமுறை நான் குரல் தழுதழுக்க அனுதாபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, செத்தவர் குளித்து முடித்து வந்து போனை வாங்கிப் பேசினார். அலாரமே விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

“இல்லன்னா எப்படி சார்? ஃபார்ம்ல கேக்குது.”

ஃபார்மில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

எங்கோ ஒரு கதவைச் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது.

“இல்லன்னா இல்லதான் மேடம். அதுல என்ன ரெண்டு வகை?”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பின்கோடு சொல்வதைப் போலச் சொன்னான்.

எனக்குத் தெரிந்து இரண்டு வகை உண்டு. செத்துப்போய் இல்லாமல் போவது ஒன்று. இருந்துகொண்டே இல்லாமல் போவது இன்னொன்று. இரண்டாவதற்கு யாரும் அனுதாபம் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

நாளெல்லாம் ஐம்பது பேரோடு பேசிவிட்டு வீட்டுப் பூட்டைத் திறந்தால், மறுநாள் காலைவரை வாய் திறக்க வேலையில்லாதவள் நான். அதெல்லாம் பழகிவிட்டது. காதுக்குள் ஒருவன் மூச்சு விடுவது கேட்கக் கேட்க, இப்படித் தனியாக இருந்ததில்லை.

அலாரம் மேஜையைத் தட்டினார்.

சரி மேடம், கம்மியானதையே போட்டுருங்க என்றான். ஒரு நிமிஷம் சார் என்றேன்.

திரையின் அடியில் ஒரு கட்டம் இருக்கிறது, ஊழியர் குடும்பத்துக்கான சலுகை. மச்சானுக்கு, நாத்தனார் மருமகனுக்கு என்று பக்கத்து சீட்டுக்காரி அதைத் தேய்த்தே வைத்திருக்கிறாள். நான் ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டேன். முழு இன்சூரன்ஸின் விலை சரசரவென்று இறங்கி வந்து, அவன் கேட்ட கம்மியான விலைக்குப் பக்கத்தில் நின்றது.

“எப்படி மேடம் இவ்ளோ குறைஞ்சுது?” என்றான். சந்தோஷத்தில் குரல் கீச்சென்று ஏறியது.

புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கு இந்த மாதம் மட்டும் என்றேன். நன்றி சொன்னான், இரண்டு தடவை சொன்னான். பார்த்து ஓட்டுங்க என்றேன். அது எழுதிக் கொடுத்ததில் இல்லை. சார் என்று சேர்க்கவும் மறந்துவிட்டேன். அதற்குள் வைத்துவிட்டான்.

பத்திரத்தை அனுப்புவதற்கு முன் திரை இரண்டு விவரம் கேட்டது. முதலாவது, ஊழியருக்கு இவர் என்ன உறவு. பட்டியலில் ‘மகன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாவது, ஊழியரின் பெயர். அவனுக்குப் போகும் பத்திரத்தில் அது அச்சாகும். போனில் சொல்வதற்கென்று கம்பெனி எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பெயர் கொடுத்திருக்கிறது. அதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும்.

அவனுடைய பிறப்புச் சான்றிதழில் இருக்கிற என் பெயரை அடித்தேன்.