ஒரு மீட்டர்

"அம்மா, முதல்ல அந்த ஹார்னை நிறுத்துங்க! கப்பல் கரையேறி வருதுன்னு மூணு பேர் போன் பண்ணிட்டாங்க!"

கான்ஸ்டபிள் டூகல் ரோந்துக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினான். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகச் சாலையில் காலை எட்டரை மணி நெரிசல். மூடுபனி இன்னும் முழுதாக விலகவில்லை. 'அந்த சைக்கிளை ரோட்டை விட்டு எடுத்துட்டு வந்து என் முன்னால நில்லு' என்று சார்ஜென்ட் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சைக்கிள் என்பது ஒரு யூகம்தான். முன்னால் நாலு விளக்கு, பின்னால் ஏழு. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடிகள். நடுவில் மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய ஹார்ன். இடது பக்கம், நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு மிதக்கும் பச்சை நுரைக்குழாய் ஒன்று சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

மேலே உட்கார்ந்திருந்த பெண்மணி அதற்கும் ஒரு படி மேல். ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் மார்புக் கவசம், காலுக்குத் தலையணை மாதிரி இரண்டு பட்டைகள், ஹெல்மெட், பனிச்சறுக்குக் கண்ணாடி. மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"பேரு?"

"ஒடெட் கோமோ. வயசு ஐம்பத்தாறு. சீக்கிரம் எழுதுங்க தம்பி, ஒன்பது மணிக்கு வேலையில இருக்கணும்."

"இந்தக் குழாய் எதுக்கு?"

"சைக்கிளைத் தாண்டற கார் ஒரு மீட்டர் தள்ளிப் போகணும்னு சட்டம் இருக்கா, இல்லையா? இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஒரு மீட்டர்னா எவ்வளவுன்னு தெரியாது. அதான் அளந்து வெட்டி மாட்டிட்டேன். சந்தேகமா இருந்தா அளந்து பாருங்க."

விபத்து நடந்த இடத்தில் அளக்க வைத்திருக்கும் டேப்பை எடுத்து டூகல் உண்மையிலேயே அளந்தான். ஒரு மீட்டர். ஒரு நூல் கூடுதல் இல்லை.

அப்போது ஒரு சிவப்புக் கார் வேகம் குறைந்து பக்கத்தில் வந்தது. அந்த சைக்கிளை முன்பே தெரிந்தவர் போல, ஓட்டியவர் வாயெல்லாம் பல்லாக, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து ஆட்டினார்.

"மேடம்! நல்லா இருக்கீங்களா? சாகற வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன்!"

ஒடெட் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, அத்தனை கவசத்தோடும் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் பாய்ந்தார். சிவப்புக் கார் நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டுப் போனது.

"என்னம்மா, வணக்கம்தானே சொன்னாரு?"

"அதான் தம்பி பயமே. யாருன்னே தெரியாதவங்ககூடப் பரவாயில்லை. வெளியூர்க்காரங்களா இருக்கலாம்."

டூகலுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்துவதற்குள் ஒரு பூக்கடை வேன் வந்தது. ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தெரிய ஓர் இளம்பெண் முத்தத்தைப் பறக்கவிட்டாள்.

"உங்க பேரைச் சொல்லி எங்கம்மா இன்னிக்கும் சர்ச்ல மெழுகுவர்த்தி ஏத்தறாங்க, மேடம்!"

இந்த முறை ஒடெட் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துவிட்டார். வேன் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையாகத் திரும்பி மறைந்தது.

டூகல் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அபராதச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஊரே உங்களைக் கும்பிடுது. டாக்டரா நீங்க? உசுரைக் காப்பாத்தற வேலையா?"

"அதுக்கு நேர்மாறு" என்றார் ஒடெட் பெருமூச்சோடு.

"இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்கு சைக்கிள்? பஸ்ல போகலாமே?"

"பஸ்ஸை ஓட்டறது யாருன்னு எனக்குத் தெரியும்."

"நடந்து போங்க."

"நடந்தேனே! போன வருஷம் ஒருத்தன் ரொட்டிக் கடை வாசல் வரைக்கும் காரை ஏத்தி, என் கோட்டைக் கிழிச்சுட்டான். இறங்கி வந்து மன்னிப்பாவது கேட்டானா? கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போறான்! சைக்கிள்னாலாவது வேகமாத் தப்பிக்கலாம்."

குரல் உடைந்துவிட்டது. டூகலுக்கு மனம் இளகியது. சார்ஜென்ட் கத்தினால் கத்தட்டும்.

"சரி, அழாதீங்க. சைக்கிளைப் பறிக்கல. நீங்க முன்னால போங்க, நான் போலீஸ் காரை எடுத்துக்கிட்டு உங்க பின்னாலேயே வரேன். ஒரு பய நெருங்க மாட்டான்."

ஒடெட்டின் மூக்கு வெளிறியது.

"பின்னாலயா? நீங்களா ஓட்டுவீங்க?"

"வேற யாரு?"

"தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்க."

டூகல் கழற்றினான். செம்பட்டை முடி காற்றில் குத்திட்டு நின்றது. அவனையே உற்றுப் பார்த்த ஒடெட், மெதுவாக ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கழற்றினார்.

அந்த நரைத்த புருவங்களைக் கண்டதும் டூகலின் முகமெல்லாம் மலர்ந்தது. "மேடம், நீங்களா!" என்று இரு கைகளையும் விரித்தபடி ஓடினான்.

ஒடெட் சைக்கிளைக் குறுக்கே இழுத்துத் தடுத்துக்கொண்டார்.

"கிட்ட வராதீங்க தம்பி! பதினாறு வருஷமா இந்த ஊர்ல டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கறவ நான். யாராவது அழுதா மனசு தாங்காம பாஸ் போட்டுடுவேன். நீங்க மூணு தடவை அழுதீங்க, அதனால நான் அந்த முனை திரும்பற வரைக்கும் தயவுசெஞ்சு வண்டியை எடுக்காதீங்க!"