இடுப்புக்குக் கீழே

புற்றுநோய் வந்து ஒரு கிட்னியை எடுத்ததிலிருந்து லோகநாதன் தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்பார். அது அவர் உடம்பை ஊடுருவிப் பார்த்து, பெங்களூரில் இருக்கும் மகள் இனியாவின் போனுக்கு அறிக்கை அனுப்பும். ஆறு வருடங்களாக அந்த அறிக்கையில் வந்தது ஒரே சொல்தான்: நலம்.

அன்று அவர் கால்களை அகட்டி நடப்பதைக் கவனித்த மனைவி சுகன்யா, குளியலறை வாசலை மறித்துக்கொண்டாள்.

“என்னத்தைங்க மறைக்கறீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “விதையில ஒரு கட்டி. ரெண்டு மாசமா இருக்குது.”

“கண்ணாடி ஒண்ணுமே சொல்லலியே!”

“இடுப்புக்குக் கீழ பார்க்க வேண்டாம்னு மொதல்லயே நிறுத்தி வெச்சுட்டேன். பெத்த புள்ளை படிக்கற அறிக்கை, அதுல இதெல்லாமா வரணும்?”

“கிட்னியில வந்தது அங்கெல்லாமா போகும்?”

“அபூர்வமா போகும்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு.”

சுகன்யா வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இப்பவே முழுசா பார்க்கச் சொல்லுங்க. சொல்லாம நீங்க வெளிய வர முடியாது.”

அவர் தடையை நீக்கிவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணாடி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு எழுத்துகள் தெரிந்தன: ‘வலது விதையில் கட்டி. பழைய நோய் பரவியிருக்கலாம். இன்றே மருத்துவரைப் பாருங்கள்.’

அடுத்த நிமிடமே போன் அடித்தது. இனியாதான். அவர் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கூசிக்கொண்டே காதில் வைத்தார்.

எங்கே, எப்போது என்று மகள் எதையும் கேட்கவில்லை.

“அப்பா, ரொம்ப வலிக்குதா?”

லோகநாதன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வலிக்குது சாமி,” என்றார் மகளிடம்.