நாலாவது வண்டி

"ஐயா, நேத்து டிவியில காட்டினதுல என் முகத்தை மட்டுமாவது எடுக்கச் சொல்லுங்க" என்று கெஞ்சினார் தையல்காரர்.

மேசையிலிருந்த காவலர் நிமிரவில்லை.

"ஜாமீன்ல வர்ற எல்லாரும் பாடுற பாட்டுதான் இது."

"பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை நிச்சயம் வச்சிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. காலையிலேருந்து கதவைப் பூட்டிக்கிட்டு இருக்கா. கூப்பிட்டா சத்தமே இல்லைங்க."

காவலர் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"கோர்ட்டு சொல்ற வரைக்கும் டிவிக்காரங்க காத்திருப்பாங்களா? அஞ்சு திருட்டு வண்டி, அஞ்சு பேர். நீங்களும் நின்னீங்கல்ல?"

"நின்னேங்க."

"யாராவது கையைப் பிடிச்சு இழுத்தாங்களா?"

"இல்லைங்க. கேமரா வந்ததும் உங்க இன்ஸ்பெக்டர் 'வண்டி பக்கத்துல நில்லு'ன்னார். நின்னேன்."

"திருட்டு வண்டி பக்கத்துல நின்னா திருடன்னு சொல்லாம, மாப்பிள்ளைன்னா சொல்லுவாங்க?"

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அதில் இதே காவல் நிலையத்தின் முத்திரை இருந்தது.

"நாலாவது வண்டி என்னோடதுங்க. காணாமப் போச்சுன்னு புகார் கொடுத்தேன். கிடைச்சிருச்சு, வந்து எடுத்துக்கன்னு நீங்கதான் போன் பண்ணீங்க."