இடது தோள்

என் வலி எரிவதில்லை. இடது தோளில் தொடங்கி, குளிர்ந்த நீர் இழைபோல முழங்கை வழியாகச் சுண்டுவிரல்வரை இறங்குகிறது. அடிக்கடி கையைத் துடைத்துக்கொள்கிறேன். கை காய்ந்துதான் இருக்கும். சட்டை போடவும் வலது கைதான் இடது கையைத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் நரம்பு எங்கும் அழுந்தவில்லை. "வெயிட் எதாவது தூக்குனீங்களா?" என்று எல்லா மருத்துவர்களும் கேட்டார்கள். இல்லை என்றேன். தூக்கியது ஒரு மண்குடம்தான். அதைத் தோளில் வைத்துக்கொண்டு என் மனைவி தாரிணியின் சிதையைச் சுற்றிவந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பெரியப்பா அரிவாள் முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். தண்ணீர் கைவழியே ஒழுகியது. கடைசியில், "பின்னால போட்டுட்டு நேரா நடடா. திரும்பிப் பாக்கப்படாது" என்றார். நான் பார்க்கவில்லை. குடம் உடைந்த சத்தம் கேட்டதாகவும் நினைவில்லை.

இன்று பிசியோதெரபி அறையில் ஷகிலா எனக்குப் பின்னால் போய் நின்றார்.

"கழுத்தையே திருப்ப மாட்டேங்கிறீங்க, அப்புறம் தோள் எப்படி சார் இளகும்? இடது பக்கமா திரும்பி என்னப் பாருங்க."

"முடியல."

"வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன என்ன, நான் என்ன பேயா?" என்று சிரித்தார்.

கண்களை மூடிக்கொண்டு கழுத்தை மெல்லத் திருப்பினேன். மோவாய் தோளைத் தொட்டது. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், அப்படியே இருங்க, கால எடுத்து வைக்காதீங்க" என்றார். "கீழ ஏது இவ்வளவு தண்ணி?"