படத்தில் இல்லாத நீராவி

"இதோ, நடுவுல மாலையோட நான். வலப்பக்கம் மேனேஜர் ஜெயகிருஷ்ணன் சார். இந்தப் பக்கம் ஹெல்பர் பொன்னுசாமி. ஓரத்துல நீ. இந்த நாலு பேர்ல பாய்லர் பேரைக் கெடுத்தவன் நீ ஒருத்தன்தான்."

சுவரில் மாட்டியிருந்த படத்தை ஷாகுல் விரலால் தட்டினார். தாம்பரம் பக்கத்து மருந்துக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். நாலு மாதம் முன்பு ஓய்வு பெற்ற அன்று, பாய்லர் ரூமுக்கு எதிரே எடுத்த படம் அது.

தங்கை மகன் தௌசிப் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஷாகுலுக்குப் பிறகு பாய்லர் அவன் பொறுப்பு. போன வாரம் குழாய் ஓட்டையாகி பாய்லர் நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவனுக்கும் ஷாகுல் மகள் சாஹிராவுக்கும் நிக்காஹ்.

"ஒரு குழாய்தானே அண்ணே, மாத்திட்டா போச்சு" என்றாள் தங்கை சித்திகா.

"உனக்கென்னம்மா தெரியும்? தண்ணியில ஆக்ஸிஜன் கரைஞ்சு கெடக்கும். பாய்லருக்குள்ள போறதுக்கு முன்னால அதை வெளியேத்தத்தான் மேல ஒரு டேங்க். அது உச்சியில இருக்குற வால்வு வழியா எப்பவும் கொஞ்சம் நீராவி வெளிய போய்க்கிட்டே இருக்கணும். அதோடதான் ஆக்ஸிஜனும் போகும். அந்த வால்வை மூடிட்டா, ஆக்ஸிஜன் பாய்லருக்குள்ள போயி இரும்பை அம்மைத் தழும்பு மாதிரி அரிச்சுடும். மாசக்கணக்கா மூடியே கெடந்திருக்கு."

தௌசிப்பிடம் திரும்பினார். "என்னைக் கேக்காம வால்வுல கை வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"கேக்காம எதையும் தொட்டதில்ல மாமா."

"அப்ப யாருடா மூடினது?"

தௌசிப் சட்டை நுனியைத் திருகினான்.

"கம்பெனியில என்ன சொன்னே?"

"நான்தான்னு சொல்லிட்டேன். சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

"தொடலங்குறே, நான்தாங்குறே. உன் பேச்சுக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. நம்ம குடும்பத்தைப் பார்த்து வேலையில குத்தம்னு ஒருத்தன் விரல் நீட்டினதில்ல. இந்த நிக்காஹ் நடக்காது."

டீ கொண்டுவந்த சாஹிரா அப்படியே நின்றாள். தட்டை வைத்துவிட்டுப் படத்தருகே போய்க் கேட்டாள்: "அத்தா, நீங்க சொன்ன நீராவி எந்தப் பக்கமா போகும்?"

"இதோ, படத்துலயே பாரு. எங்க தலைக்கு மேல டேங்க். அதுக்கு மேல..."

விரல் அங்கேயே நின்றது. டேங்குக்கு மேல் துடைத்துவிட்டது போல நீல வானம். நாலு முகமும் பளிச்சென்று தெரிந்தன. தௌசிப் மட்டும் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஷாகுல் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்கண்ணே கிளம்பிட்டே?"

"ஜெயகிருஷ்ணன் சாரைப் பார்க்க."

"அவருகிட்ட போயி என்ன பேசுவே? தௌசிப்தான் மூடினான்னு நம்ம அஸ்தினாபுரம் பூரா பேச்சாயிருச்சே."

"அது பொய். போட்டோவுல நீராவி மூஞ்சியை மறைக்குதுன்னு மூடினவன் நான். திறக்க மறந்தவனும் நான்."