நாலாவது வரியில் அழ வேண்டும்

“அனைவருக்கும் வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

மைக் கொஞ்சம் உயரம். அவள் குதிகாலைத் தூக்கிக்கொண்டாள்.

எதிரே நானூறு பெற்றோர். பின்னால் பேனர்: மாணவர் மனநல விழா.

“போன டேர்ம் எனக்குத் தூக்கமே வரல. புத்தகத்தைத் தொட்டாலே கை நடுங்கும்.”

இரண்டு வரி முடிந்தது.

“எங்க ஸ்கூல் கவுன்சிலர் சுகந்தி மிஸ்தான் என்னை மீட்டெடுத்தாங்க.”

மூன்று.

நாலாவது வரி அப்பாவைப் பற்றியது. அங்கே அழ வேண்டும். ஒத்திகைகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. தானாகவே வந்துவிடும்.

இன்று வரவில்லை.

மேடையில் நன்றாகப் பேசினால் அவளுடைய ரேங்க் கார்டு தன் பீரோவைத் தாண்டாது என்று சுகந்தி மிஸ் நேற்றுத்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

இயற்பியலில் பதினொன்று. கீழே அப்பாவின் கையெழுத்து. போட்டது அவள். கதவைச் சாத்திய கவுன்சிலிங் அறையில், மிஸ்ஸிடம் மட்டும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டது.

அப்பா போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் இருந்தார். ஒரு பாடத்தில் போனாலும் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் அவள் தூங்கினாள்.

கண் வறண்டு கிடந்தது.

“எங்கப்பா...”

நிறுத்தினாள். கேமராக்காரர் காத்திருந்தார். முதல் வரிசையில் தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கிளிசரின் வேணுமாடி?” திரைக்குப் பின்னால் நடன உடையில் நின்ற பிரீத்திகா சிரித்தாள்.

சுகந்தி மிஸ் மலர்ந்த முகத்தோடு மேடையேறி வந்தார். மைக்கைத் தாழ்த்துவதுபோல் குனிந்து, அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“கண்ணு, உங்கப்பா வந்திருக்காரு பாரு. மூணாவது வரிசை. கார்டை அவருகிட்டக் குடுத்தாச்சு.”

பார்த்தாள்.

அப்பாதான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வெயிலில் இன்னும் கறுத்திருந்தார். மடியில் ஒரு மடித்த அட்டை.

அழுகை வந்தது.

நாலாவது வரி வரவில்லை.

“அப்பா, கையெழுத்துப் போட்டது நாந்தானுங்க. பதினொன்னுதான் எடுத்தேனுங்க. மில்லுக்கு மட்டும் அனுப்பிராதீங்கப்பா.”

அரங்கம் அதிர்ந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். தாளாளர் எழுந்து நின்று கை தட்டினார்.

அப்பாவும் தட்டினார்.

பிறகு, தட்டவில்லை.

மடியிலிருந்த அட்டை நழுவி விரிந்து விழுந்தது. விழா அழைப்பிதழ். அதில் அவள் படம்.

சுகந்தி மிஸ் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பாத்தீங்களா? மனசத் தெறந்து பேசினா எவ்ளோ பாரம் எறங்குது! உங்ககிட்டயும் இப்படி அனுபவம் இருக்கும். தயங்காம மேடைக்கு வந்து சொல்லுங்க. யாரு வர்றீங்க?”

மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்தார்.